அப்பாவுக்கு நான் வாசித்த பாதி வசனம்

வளர்ந்த பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, அவர்கள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பத்து வயதில் நான் செய்த ஒரு காரியத்தை நாற்பது வருடமாக வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் நடந்தது என்னை அப்படி இருக்க விடவில்லை.

என் மகன் கல்லூரி விட்டு, திருநகரில் நாங்கள் இருக்கும் வீட்டுக்குச் சட்டைக் காலரில் ரத்தத்தோடு வந்தான். பேருந்தில் உட்காரும் இடத்துக்காக யாரோ ஒரு பையனோடு தகராறு. கீழுதடு கிழிந்திருந்தது. பஞ்சை வைத்துத் துடைத்தபோது என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை "வலிக்குதாப்பா" என்பதல்ல. "நீ திருப்பி எத்தனை வெச்ச?" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் சின்னப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பவள் நான். மகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஒண்ணும் வெக்கலம்மா. வெக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான்.

அவன் உதடு நாலு நாளில் ஆறிவிட்டது. அந்தக் கேள்வி எனக்குள் எங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியும். செல்லூரில், நாங்கள் குடியிருந்த சந்தில், ஒரு பங்குனி மாதத்தில் கிடந்தது.

அப்பா வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினார். விடியுமுன் கிளம்பித் தரைப்பாலம் வழியாக ஆற்றைக் கடந்து மண்டிக்குப் போவார். பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்புவார். தலைமயிரிலும் காது மடலிலும் வெங்காயச் சருகு ஒட்டியிருக்கும். இடுப்பு வாரில் ஓர் இரும்புக் கொக்கி தொங்கும். மூட்டையைக் குத்தி இழுக்கிற கொக்கி. மரப்பிடி அவர் உள்ளங்கைச் சூட்டில் கறுத்துப் பளபளவென்று இருக்கும்.

அந்தக் கொக்கி மூட்டையை மட்டும் குத்தியதில்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எந்த லாரியை யார் இறக்குவது என்ற சண்டையில் இன்னொரு சுமைக்காரரின் தோளில் அதைச் செருகி, லாரியின் நீளத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனார் என்பார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் அதே கை அம்மாவை என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். அம்மா கண்ணாடி வளையல் போடுவதை விட்டுவிட்டாள். அப்பா மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினால் உடைந்து சதைக்குள் போகும் என்று பிளாஸ்டிக் வளையல் போட்டுக்கொண்டாள். அப்பாவின் குரல் ஏறும்போது குழம்புச் சட்டியைத் தூக்கி மூலையில் வைப்பது என் வேலை. அடி எப்படியும் விழும். குழம்பாவது மிஞ்சட்டும் என்று.

தோளில் கொக்கி போட்டதற்கு எட்டு மாதம் ஜெயில். அங்கே வாரம் ஒருமுறை ஒரு போதகர் வருவாராம். அப்பா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது கையில் கறுப்பு அட்டை போட்ட வேதப்புத்தகம் இருந்தது. அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார்.

"நீ வாசி ஆத்தா. அது சொல்றத நான் செய்யுறேன்."

அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார். மண்டியிலிருந்து வந்து குளித்து, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு கட்டளை. அதைச் செய்து முடிக்கும்வரை அடுத்ததைக் கேட்க மாட்டார். நான் ஆர்வத்தில் அடுத்த வரிக்குப் போனால் கையைக் காட்டி நிறுத்துவார். "ஒரே நேரத்துல ரெண்டு மூட்டையா முதுகுல ஏத்துவாக? ஒண்ணை எறக்கிட்டு வாரேன், இரு."

இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று வாசித்தேன். மறுநாள் அப்பா வெற்றுடம்போடு செல்லூர் முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தார். சட்டை, மண்டி வாசலில் படுத்துக்கிடக்கும் கிழவருக்குப் போய்விட்டது. "ரெண்டுல ஒண்ணுதானய்யா குடுக்கச் சொல்லுச்சு, இருந்த நல்ல சட்டையவா குடுப்பாக?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எது நல்லதுன்னு அதுல போடலையே" என்றார் அப்பா.

ஒருவருக்கொருவர் காலைக் கழுவ வேண்டும் என்ற இடம் வந்தது. அப்பா வாளித் தண்ணீரோடு அடுப்படிக்குப் போய், குனிந்து, அம்மாவின் கணுக்காலைப் பிடித்தார். அம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். "விடுய்யா! காலை ஒடிச்சிராதய்யா! நான் என்னய்யா செஞ்சேன்?" என்று அலறிக்கொண்டே உதைத்தாள். உதை அப்பாவின் மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. விடாமல் இரண்டு காலையும் கழுவித் துண்டால் துடைத்துவிட்டு, மூக்கைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அடிவயிற்றிலிருந்து வந்து தோளெல்லாம் குலுங்கும் சிரிப்பு.

"என்னப்பா?" என்றேன்.

"மூட்டைய எறக்கிட்டு நிமிரும்போது வேர்த்த முதுகுல காத்து வந்து படும் பாரு. அந்த மாதிரி இருக்கு ஆத்தா."

அதன்பிறகு ஒவ்வொன்றைச் செய்து முடிக்கும்போதும் அந்தச் சிரிப்பு வரும். வரும்வரை காத்திருப்பார். வந்தால்தான் சரியாகச் செய்ததாக அவருக்கு அர்த்தம். மண்டியில் கேலி செய்தார்கள். "என்னண்ணே, இன்னைக்கு என்ன வசனம்? கைலியக் கழட்டிக் குடுக்கச் சொல்லலையே?" என்பார்களாம். "சொன்னா மொதல்ல ஒனக்குத்தான் மாப்ள" என்பாராம்.

நான் மறைக்காமல் சொல்ல வேண்டிய இடம் இது. அந்தப் பெரிய உடம்பு என் வாயைப் பார்த்து நடக்கிறது என்பது எனக்குப் போதையாக இருந்தது. ஒருநாள் என்னை அதட்டினார் என்பதற்காக, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மாருக்குச் சொன்ன இடத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். மறுநாள் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கி வந்து, "கோவம் போச்சா?" என்று கேட்டார். கட்டளையிடுவது புத்தகம் என்று அவர் நினைத்தார். பக்கத்தைத் திருப்பியது நான்.

சந்து வேறு விதமாகப் பார்த்தது. அப்பாவின் பெயருக்குப் பயந்து எங்கள் குடத்துக்குக் குழாயடியில் வழிவிட்டவர்கள் இப்போது எங்கள் குடத்தைக் காலால் தள்ளினார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, அடுத்த சந்தில் குடியிருந்தார். வரும்போதெல்லாம் புகைவார். "மாமா, ஒங்களை நெனச்சு நாலு பேரு ஒழுங்கா இருந்தானுக. இப்ப எங்கக்கா குடத்தச் சின்னப்பய ஒதைக்கிறான். இதுக்கா ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தீக?" அப்பா, "இருக்கட்டும் மாப்ள" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வார்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தறிக்காரர் இருந்தார். வீட்டுக்குள் நாலு தறி. அவரும் தம்பியும் மச்சினனும் நெய்தார்கள். காலையில் சந்தின் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காய வைப்பார்கள். நாங்கள் குனிந்து அதன் அடியில் புகுந்துதான் குழாய்க்குப் போக வேண்டும். அன்று காலை நான் நிறைகுடத்தோடு குனிந்தேன். குடம் சரிந்தது. காய்ந்துகொண்டிருந்த பாவில் ஒரு குடம் தண்ணீரும் கொட்டி, தடுக்கி விழுந்த என் கை பட்டு ஒரு கொத்து நூல் அறுந்தது.

தறிக்காரர் பாவைத் தாங்கும் மூங்கில் கழியை உருவியதைப் பார்த்தேன். முதுகில்தான் அடிப்பார் என்று திரும்பினேன். பாதி திரும்பிய முகத்தில் வாயோடு சேர்த்து விழுந்தது. வலி உடனே தெரியவில்லை. நாக்கில் சின்னக் கல் மாதிரி ஏதோ உருண்டது. கையில் துப்பினேன். என் முன்பல்.

அவர் என்னை மட்டும் அடிக்கவில்லை. அம்மா ஓடி வந்தபோது அவளைத் தள்ளிவிட்டு, "ஒம் புருசன் வந்தா வசனம் சொல்லச் சொல்லு, கேக்குறேன்" என்றார். தம்பியும் மச்சினனும் சிரித்தார்கள். என்னால் இன்றைக்கும் அந்தச் சிரிப்பைக் கேட்க முடியும்.

மூன்று மணிக்கு அப்பா வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். மாமா அரிவாளோடு நின்றார். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார வைத்து, "வாயத் தெற" என்றார். வெங்காய நாற்றம் அடிக்கும் விரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "மேல. நடுவுல. வலது கைப் பக்கம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு குளித்தார். அத்தனை பேரும் காத்திருக்க, தலையைத் துவட்டி, பாயில் வந்து உட்கார்ந்தார். கை இரண்டும் தொடைமேல் துடித்துக்கொண்டிருந்தன.

"இதுக்கு என்ன சொல்லுதுன்னு பாத்து வாசி ஆத்தா."

நான் தேட வேண்டியிருக்கவில்லை. அதே இடத்தை இரண்டு வாரத்துக்கு முன்தான் சபையின் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பக்கம் எனக்குத் தெரியும். பழைய காலத்தாருக்குச் சொல்லப்பட்டது ஒரு வரியில்; அதைத் தள்ளிவிட்டு இயேசு புதிதாகச் சொன்னது அடுத்த வரியில். தீமை செய்தவனை எதிர்த்து நிற்காதே, ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் கொடு என்கிற வரி. அதன்மேல் என் விரலை வைத்து மூடினேன். மூடிக்கொண்டு, வீங்கிய உதட்டால், மேலே இருந்ததை மட்டும் வாசித்தேன்.

"கண்ணுக்குக் கண். பல்லுக்குப் பல்."

அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி கிண்டத் தொடங்கினாள்.

"அம்புட்டுத்தானா?" என்றார் அப்பா.

"இன்னைக்கு அம்புட்டுத்தான்ப்பா."

அப்பா கொக்கியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாமா குதித்தார். "வாங்க மாமா, கையையே எடுத்துருவோம்."

"கைன்னு போடலை மாப்ள. பல்லுன்னு போட்ருக்கு. பல்லு ஒண்ணு."

எதிர் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்து, தறிக்குழியிலிருந்து தறிக்காரரைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்து சந்தில் போட்டார். தடுக்க வந்த தம்பியின் மார்பில் ஓர் உதை. அவன் சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டான். மச்சினன் கழியால் அப்பாவின் முதுகில் அடித்தது சாக்கைத் தட்டுகிற மாதிரிதான் கேட்டது. அப்பா தறிக்காரரின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, இடது கையால் தாடையைப் பிளந்து, சரியான பல்தானா என்று குனிந்து பார்த்தார். கொக்கியின் மரப்பிடியைத் திருப்பிப் பிடித்து ஒரே தட்டு. எலும்பு முறிகிற சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. ரத்தம் அப்பாவின் மணிக்கட்டு வரை பீறிட்டது. பல்லை எடுத்துத் தறிக்காரரின் உள்ளங்கையிலேயே வைத்து, விரல்களை மடித்துவிட்டு, கையைப் பிடித்துத் தூக்கியும் விட்டார்.

"எந்திரிண்ணே. முடிஞ்சது."

ஒரே பல்லா, இந்த ஆளா, என்று சந்து வாயைப் பிளந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். வாயில் இன்னும் ரத்தம் கரித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது பேனா நிற்கிறது. ஆனாலும் அது உண்மை. தித்திப்பாக இருந்தது.

போலீசுக்கு யாரும் போகவில்லை. பல்லுக்கெல்லாம் செல்லூரில் போலீசுக்குப் போவதில்லை.

அப்பா கை கழுவிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். சிரிப்பு வரவில்லை. தோளை அசைத்துப் பார்த்தார். "என்னமோ எறங்கலையே" என்றார்.

மறுநாள் அடுத்த கட்டளையைக் கேட்க மறுத்துவிட்டார். "நேத்துச் செஞ்சது சரியா வரலை. அதையே இன்னொருக்க வாசி." அதே இரண்டு துண்டை வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "ஒண்ணுதான ஒடச்சேன்? சரியான பல்லைத்தான ஒடச்சேன்?" என்று என்னிடமே கேட்டார். தலையாட்டினேன். அதற்கு மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. புத்தகம் அந்தப் பக்கத்திலேயே மடங்கிக் கிடந்தது.

இதற்குள் எதிர் வீட்டில் தறிச் சத்தம் நின்றுபோனது. மச்சினன் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்றைக் கொல்லன் பட்டறையில் தீட்டிக்கொண்டு வந்ததாக மாமா சொன்னார். எங்கள் ஓட்டின்மேல் இரண்டு முறை கல் விழுந்தது. அப்பா மறுபடி கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அவர் கண்ணில் பழைய செம்மை ஏறத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்தது, பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மண்டி விட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். குழம்பில் உப்பு இல்லை. அதற்காகக்கூட இல்லை, அம்மா, "போட்டேனே" என்று ஒரு வார்த்தை சொன்னாள். தட்டோடு எழுந்து அறைந்தார். அம்மா சுழன்றுபோய் ஆட்டுக்கல்லில் நெற்றி இடித்து விழுந்தாள். ஜெயிலிலிருந்து வந்த பிறகு விழுந்த முதல் அடி. என் கை தானாகக் குழம்புச் சட்டியைத் தூக்கி மூலையில் வைத்தது. வைத்த பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

அப்பா தன் உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னடி இது?" என்றார். யாரைக் கேட்டாரோ.

மறைத்த வரியை வாசித்தால் அப்பா அதையும் செய்வார். வெறுங்கையோடு போய் அந்த மூன்று பேர் முன்னால் முகத்தைக் காட்டுவார், கொன்றுவிடுவார்கள். வாசிக்காவிட்டால் கொக்கியை எடுத்துக்கொண்டு அவரே ஒருவனைக் கொல்வார். இல்லாவிட்டால் அம்மாவைக் கொல்வார். எப்படிப் பார்த்தாலும் அது என் வாயில்தான் இருந்தது. நான் புத்தகத்தை எடுத்தேன். நின்றபடியே, அழுதபடியே, விரலை எடுத்துவிட்டு வாசித்தேன். எதிர்த்து நிற்காதே. மறு கன்னத்தையும் கொடு.

அப்பா குனிந்து, என் விரல் இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எங்கன இருந்துச்சு?"

"அதுக்கு அடுத்த வரிப்பா."

"அன்னைக்கே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

கண்ணை இறுக மூடி அடிக்காகக் காத்திருந்தேன். காலடிச் சத்தம் என்னைத் தாண்டிப் போனது. கண்ணைத் திறந்தபோது கொக்கி சுவர் ஆணியில் தொங்கியது. அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சந்தில் இறங்கிவிட்டார்.

நல்ல வெயில். எதிர் வீட்டு வாசலில் தெருவிளக்கின் இரும்புக் கம்பம் ஒன்று உண்டு. அப்பா அங்கே போய் நின்று குரல் கொடுத்தார்.

"அண்ணே, வெளிய வாங்க. அன்னைக்கு நான் பாதியக் கேட்டுட்டு வந்துட்டேன். மிச்சத்த இப்பத்தான் கேட்டேன்."

மூன்று பேரும் வந்தார்கள். மச்சினன் கையில் தறிக்கட்டை இருந்தது. அப்பா கம்பத்தைக் கட்டிப்பிடித்து, இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொண்டார். "கை ரெண்டும் எம் பேச்சக் கேக்காதுண்ணே. அதான்" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக் காட்டினார்.

தம்பிதான் முதலில் அறைந்தான். அப்பா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மச்சினன் கட்டையை ஓங்கினான். முதல் அடி காதில். இரண்டாவது தோளில், கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இருவரும் மாறி மாறி அடித்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கம்பம் ஒவ்வோர் அடிக்கும் மணி மாதிரி அதிர்ந்தது. அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். நான் அவள் சேலையை விலக்கிவிட்டுப் பார்த்தேன். பார்க்க வேண்டியது என் கடமை என்று தோன்றியது. மாமா அரிவாளோடு ஓடி வந்தார். அப்பா அந்த நிலையிலும் கத்தினார்: "மாப்ள! ஒரு அடி எடுத்து வெச்ச, ஒனக்கும் எனக்கும் ஒறவு இல்ல!" மாமா அரிவாளைத் தரையில் ஓங்கி ஓங்கி வெட்டிக்கொண்டு அழுதார்.

தறிக்காரர் மட்டும் அடிக்கவில்லை. கையால் வாயை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். கோத்த விரல்கள் நழுவி அப்பா கம்பத்தோடு சரிந்தபோதும், அவிழ்ந்த கை மறுபடி கம்பத்தைத் தேடிப் பிடித்தது. அதைப் பார்த்துத்தான் தறிக்காரர் எழுந்தார். "போதும்டா" என்றார். பல் போன இடத்தில் காற்று போனது. மச்சினன் கேட்கவில்லை. தறிக்காரர் அந்தக் கட்டைக்குக் குறுக்கே தன் கையைக் கொடுத்தார். அடி அந்தக் கையிலும் விழுந்தது. அத்தோடு நின்றது.

அப்பாவின் இடது காது அதன்பிறகு கேட்கவில்லை. இடது தோளில் மூட்டை ஏறவில்லை. பிற்பாடு தல்லாகுளத்தில் ஓர் அலுவலக வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். நடந்ததைச் சபையில் எல்லாரும் பேசினார்கள். தகப்பனுக்கு வேதம் வாசித்துத் திருத்திய சிறுமி என்று போதகர் என்னை மேடைக்கு அழைத்து, மையூற்றும் பேனா ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பாதியில் நிறுத்தியது நான்தான் என்பது அந்த மேடையில் யாருக்கும் தெரியாது. மறுநாளே அந்தப் பேனாவை ஆற்றில் போட்டுவிட்டேன். தொலைந்துவிட்டது என்று சொன்னதற்கு அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது, நாங்கள் அப்பாவை ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே எனக்குத் தெரிந்திருந்தது.

ஆட்டோவில் அப்பாவின் தலை அம்மாவின் மடியில் இருந்தது. கால்கள் என் மடியில். மாமா ஓட்டுநர் பக்கத்தில் தொற்றிக்கொண்டிருந்தார். அம்மா துண்டை அப்பாவின் காதில் அழுத்திப் பிடித்திருந்தாள். துண்டு நனைந்து அவள் பிளாஸ்டிக் வளையல் வழியாகச் சொட்டியது. அவள் நெற்றியில் ஆட்டுக்கல் கிழித்த காயம் இன்னும் காயவில்லை. திடீரென்று அப்பாவின் வயிறு குலுங்கியது. வலிப்பு என்று பயந்துபோனேன். சிரிக்கிறார். உடைந்த தோள் குலுங்கக் குலுங்க, முனகிக்கொண்டே சிரிக்கிறார்.

"வந்துருச்சு ஆத்தா" என்றார். "எறங்கிருச்சு."

நான் அவர் பாதத்தில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

"அழுவாத. செஞ்சு முடிச்சாச்சுல்ல. அடுத்து என்ன இருக்கு, சொல்லு."

புத்தகம் வீட்டில் கிடந்தது. ஞாயிறு பள்ளியில் அதுவரைக்கும்தான் சொல்லித் தந்திருந்தார்கள். அடுத்தது எனக்குத் தெரியவில்லை.

அப்போது அம்மா சொன்னாள். வெளியே பார்த்தபடி, ஒரு சொல் பிசகாமல், சபையில் சொல்லும் ராகத்திலேயே சொன்னாள். பகைவரை நேசிக்கச் சொல்லும் இடம். துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லும் இடம். அம்மா பிறந்ததே வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பத்தில். எழுத்துத் தெரியாவிட்டாலும் காதால் கேட்டே பாதிப் புத்தகம் அவளுக்கு மனப்பாடம். அகப்பைச் சத்தம் அன்று ஏன் நின்றது என்று எனக்குப் புரிந்தது.

அப்பா கண்ணை மேலே சுழற்றி அவளைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்யா."

"அன்னைக்கும்?"

"அன்னைக்கும் தெரியும்யா." அவள் குரல் உடைந்தது. "எம் மக பல்லுய்யா. எனக்கு அன்னைக்கு அந்தாளு பல்லுதான்யா வேணும்னு இருந்துச்சு."

அப்பா கொஞ்ச நேரம் ஆட்டோவின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"சரி, விடு" என்றார். "இந்த வேலைய நல்லவேளையாப் படுத்துக்கிட்டே செய்யலாம்."

கண்ணை மூடினார். உதடு அசைந்தது. தறிக்காரரின் பெயரைச் சொல்லி, அவர் கை குணமாக வேண்டும் என்றார். தம்பியின் பெயரைச் சொன்னார். பிறகு நிறுத்திக்கொண்டு, "அந்த மச்சினன் பேரு என்னடி? கட்டையால அடிச்சானே, அவன் பேரு" என்றார்.

அம்மாவுக்குத் தெரியும். நாலு வருடமாக எதிர் வீடு. அவள் சொல்லவில்லை. ஆட்டோ கோரிப்பாளையம் முக்கில் நெரிசலில் நின்றது. பேருந்துகள் இரண்டு பக்கமும் உறுமின. அப்பா கண்ணைத் திறக்காமல் காத்திருந்தார். "பேரு தெரியாம எப்படிடி கேக்குறது?" என்றார் மறுபடி.

ஆட்டோ நகர்ந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னாள். ரத்தம் ஓடும் காதுப் பக்கம் சொன்னதால் அப்பாவுக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்றார்.

அம்மா அவர் தலையை மெதுவாக மறுபுறம் திருப்பி, குனிந்து, அடுத்த காதில், இன்னொரு தரம் சொன்னாள்.